காதுக்குள் ஓயாத இரைச்சல்: "பழகிக்கோங்க" என்று டாக்டர் அனுப்பிவிட்டார், அடுத்து யாரைப் பார்ப்பது?

தறிக்காரன் எழுதியது:

வணக்கங்க. சோமனூர் பக்கம் 8 தறி போட்டுக் கூலிக்கு ஓட்டுகிறேன். வயது 43. பதினெட்டு வயதிலிருந்து தறிக்குடோனிலேயே இருப்பதால் சத்தம் எனக்குப் புதிதில்லை. ஆடி மாதம் ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போனது. எல்லாத் தறியும் நின்று குடோனே கப்பென்று அடங்கிவிட்டது. அப்போதுதான் கவனித்தேன், ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை. கொய்ங்ங்ங் என்று, மழைக்காலத்தில் சில்வண்டு கத்துமே அந்த மாதிரி, இரண்டு காதிலும். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன், அங்கேயும் இருந்தது.

அன்றிலிருந்து மூன்று மாதமாக நிற்கவில்லை. பகலில் தறி ஓடும்போது தெரியாது. ராத்திரி படுத்தால்தான் கொடுமை. முதல் வாரம் எழுந்து எழுந்து ஃபிரிட்ஜை ஆஃப் செய்து பார்த்தேன், செட்டாப் பாக்ஸைப் பிடுங்கிப் பார்த்தேன், பக்கத்து வீட்டு மோட்டார் ஓடுகிறதா என்று மதிலில் காதை வைத்துப் பார்த்தேன். வீட்டுக்காரி "எனக்கு ஒன்னும் கேக்கலையே" என்றதும்தான் விஷயம் என் தலைக்குள் இருக்கிறது என்று புரிந்தது. இப்போது 2 மணிக்கு முன்னால் தூக்கம் வருவதில்லை. பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். டீவி சத்தத்தைக் கூட்டுகிறேன் என்று அதற்கு வேறு சண்டை.

ஒரு ஈ.என்.டி. டாக்டரைப் பார்த்தேன். காதுக்குள் லைட் அடித்துப் பார்த்தார், அழுக்கு எதுவும் இல்லை, நரம்பு வீக்காகிவிட்டது, இதற்கு மருந்து கிடையாது, பழகிக்கோங்க என்றார். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு மாதத்துக்கு மாத்திரை எழுதினார், தின்று முடித்தேன், மாற்றம் இல்லை. யூடியூப் பக்கம் போனால் ஒருவர் மூளைக் கட்டி என்கிறார், இன்னொருவர் 30 நாளில் குணம், 12,000 ரூபாய் அனுப்புங்கள் என்கிறார்.

நான் கேட்பது இதுதான்: உண்மையிலேயே ஒன்றும் செய்ய முடியாதா? காது செவிடாகப் போவதற்கு இது அறிகுறியா? தறியை விற்றுவிட்டு வேறு பிழைப்பு பார்க்க வேண்டுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

மைக்செட் கரூர் எழுதியது:

தம்பி, முதலில் ஒன்று. நீங்கள் எழுந்து ஃபிரிட்ஜை ஆஃப் செய்ததைப் படித்துவிட்டுச் சிரித்தேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் ராத்திரி ஒரு மணிக்கு மொட்டை மாடி ஏறி செல்போன் டவரை முறைத்துக்கொண்டு நின்றவன்.

இருபத்தைந்து வருடம் சவுண்ட் சர்வீஸ். காதுகுத்து, கல்யாணம், கட்சிக் கூட்டம், மாரியம்மன் நோம்பி எல்லாவற்றுக்கும் குழாய் கட்டியவன். ஆம்ப்ளிஃபயர் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுப்பேன். மைக் குழாய்க்கு நேராகப் போனால் கூவுமே ஒரு கூவல், அந்தக் கூவல்தான் ஆறு வருடத்துக்கு முன்னால் என் காதுக்குள் வந்து உட்கார்ந்தது. வலது காதில் கொஞ்சம், இடது காதில் அதிகம். என்னிடமும் அதே வார்த்தைதான், "பழகிக்கோங்க". அவர் சொன்னது பொய்யில்லை, பழகத்தான் வேண்டும். ஆனால் எப்படிப் பழகுவது என்று சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் இருக்கிறார் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். அதில் எனக்கு ஒன்றரை வருடம் போனது.

அந்த ஆள் ஆடியாலஜிஸ்ட், அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்து வழி சொல்பவர். காது மிஷின் விற்கிறவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மகள் வற்புறுத்தி அழைத்துப்போனாள். சத்தம் புகாத ஒரு சின்ன அறை, பஞ்சு ஒட்டிய சுவர், ஹெட்போன் மாட்டி கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போது அழுத்த வேண்டும். பாதிக்கு மேல் எனக்கே குழப்பம், கேட்பது மிஷினின் சத்தமா என் சத்தமா என்று. அதைச் சொன்னதும் அந்த ஆடியாலஜிஸ்ட் பெண் சிரிக்கவில்லை, விட்டுவிட்டு வரும் சத்தத்துக்கு மாற்றிக் கொடுத்தார். முடிந்து பார்த்தால் படத்தில் கோடு நேராக வந்து 4000 ஹெர்ட்ஸில் பள்ளமாக இறங்கி மறுபடி ஏறியிருந்தது. ஓயாத சத்தத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்த இடத்தில்தான் முதலில் அடி விழுமாம்.

அதற்குப் பிறகு செய்ததுதான் முக்கியம். "உங்கள் சத்தத்தைக் கண்டுபிடிப்போம்" என்று ஒவ்வொரு சுருதியாகப் போட்டு, இதுவா, இன்னும் மேலேயா, கீழேயா என்று கேட்டுக்கொண்டே வந்தார். மைக்செட்காரனுக்கு இது தெரியாதா, சட்டென்று பிடித்துவிட்டேன். அப்புறம் அளவு. எவ்வளவு பெரிய சத்தம் என்று சொல்லி வந்திருக்கிறேன், வீட்டில் எத்தனை சண்டை, கடைசியில் எனக்குக் கேட்கத் தொடங்கும் அளவுக்கு மேலே வெறும் 6 டெசிபல்! நானே நம்பவில்லை. வீட்டுக்காரியைக் கூப்பிட்டு ஹெட்போனை மாட்டிவிட்டு அதைக் கேட்கவைத்தார். அவள் கொஞ்ச நேரம் கேட்டாள், கழற்றினாள், "இதையா தினமும் கேட்டுட்டு இருக்கீங்க" என்றாள். ஒன்றரை வருடத்தில் என்னை யாரும் நம்பினார்கள் என்று எனக்குத் தோன்றியது அந்த நிமிஷம்தான்.

இப்போது எப்படி என்றால், இருக்கிறது. இதை எழுதும்போது இருக்கிறது. எழுதாமல் இருந்திருந்தால் இன்று சாயங்காலம் வரை அது ஞாபகத்துக்கே வந்திருக்காது. பாருங்கள், உங்களால் வந்தது!

ஊர்க்காத்து எழுதியது:

நல்லெண்ணெயில் நாலு பல் பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில் இரண்டு சொட்டு விடுங்கள். எங்கள் அப்பத்தா காலத்து வைத்தியம், ஒரு வாரத்தில் நின்றுவிடும். இங்கிலீஷ் மருந்து எதற்கு.

ஒலிக்கோடு எழுதியது:

நான் ஆடியாலஜிஸ்ட், அரசு மருத்துவமனை ஒன்றில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். டாக்டர் இல்லை, அதனால் மருந்து பற்றிப் பேசும்போது அந்த எல்லையோடு படியுங்கள்.

முதலில் எண்ணெய் விஷயம். ஊர்க்காத்து அண்ணா, காதில் அழுக்கு இறுகி அடைத்திருந்தாலும் இரைச்சல் வரும், எண்ணெய் விட்டு அது இளகி வெளியே வந்தால் இரைச்சல் நிற்கும். அப்பத்தா வைத்தியம் பலித்ததாகச் சொல்லும் பல கதைகள் அப்படிப்பட்டவையாக இருக்கலாம். ஆனால் தறிக்காரன் காதில் அழுக்கு இல்லை என்று டாக்டர் பார்த்தே சொல்லிவிட்டார். செவிப்பறையில் ஓட்டை இருப்பது தெரியாமல் எண்ணெய் விட்டால் உள்ளே போய்ச் சீழ் பிடிக்கும், மாதத்துக்கு ஒருவராவது அப்படி வருகிறார்கள். சூடு கையில் தெரிவது மாதிரி காதுக்குள் தெரியாது, வெந்துபோய் வந்தவர்களும் உண்டு. பட்ஸ் குச்சியும் வேண்டாம், அது அழுக்கை எடுப்பதில்லை, உள்ளே தள்ளி இடிக்கிறது.

சரி, ஏன் இரைகிறது. பழைய வால்வு ரேடியோவில் சிலோன் ஸ்டேஷன் பிடித்த தலைமுறைக்கு இது சுலபமாகப் புரியும். ஸ்டேஷன் நன்றாக எடுத்தால் பாட்டு மட்டும் கேட்கும். சிக்னல் குறைந்தால் என்ன செய்வோம், வால்யூமைக் கூட்டுவோம், கூட்டினால் பாட்டோடு சேர்த்து 'உஸ்ஸ்' என்ற இரைச்சலும் கூடும். உள்காதில் சத்தத்தை மின்சாரமாக மாற்றும் நுண்ணிய மயிர்ச் செல்கள் இருக்கின்றன. தறிச் சத்தத்தில் பல வருடம் அடிபட்டு அவை சாகின்றன, மனிதனுக்கு அவை மறுபடி முளைப்பதில்லை. அந்தச் சுருதியில் சிக்னல் வராததால் மூளை தன் வால்யூமைத் திருகுகிறது, அப்போது வருவதுதான் உங்கள் சில்வண்டு. இன்றைக்குப் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இது. காது நன்றாகக் கேட்பவர்களுக்குக்கூட இந்தப் பின்னணிச் சத்தம் கொஞ்சம் உண்டு. 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரண்டு பேர், காதில் குறை எதுவும் இல்லாத 80 பேரைச் சத்தம் புகாத அறையில் உட்காரவைத்து என்ன கேட்கிறது என்று கேட்டார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஒரு சத்தம் கேட்பதாகச் சொன்னார்கள்.

அப்படியானால் சிலருக்கு மட்டும் ஏன் தூக்கம் போகிறது? மூளை அந்தச் சத்தத்தை ஆபத்து என்று குறித்துக்கொள்வதால். தொட்டிலில் குழந்தை இருக்கும் வீட்டில் தாய் இடி இடித்தாலும் தூங்குவாள், குழந்தை சிணுங்கினால் விழித்துவிடுவாள். சத்தத்தின் அளவில் ஒன்றும் இல்லை, அதற்கு மூளை கொடுக்கும் அர்த்தத்தில்தான் எல்லாம். கட்டியோ, செவிடாகிவிடுவோமோ என்று பயந்து பயந்து கேட்கக் கேட்க அது முன்னால் வந்து நிற்கும். 1990-இல் பாவெல் யாஸ்த்ரெபாஃப் என்ற விஞ்ஞானி இதை ஒரு கோட்பாடாக எழுதிவைத்தார், அதிலிருந்து வந்ததுதான் டி.ஆர்.டி. எனப்படும் மறுபயிற்சி முறை. சத்தத்தை அழிப்பதை அது நோக்கமாக வைத்துக்கொள்வதில்லை, மூளை அதைக் கண்டுகொள்ளாமல் விடும்படி பழக்குகிறது. அதற்கு ஒரு வருடம், ஒன்றரை வருடம் ஆகும்.

நீங்கள் அடுத்துச் செய்ய வேண்டியது பியூர் டோன் ஆடியோமெட்ரி, மைக்செட் அண்ணனுக்கு ஹெட்போன் மாட்டிப் பட்டன் கொடுத்துச் செய்தார்களே அந்தப் பரிசோதனை. இதைச் செய்யாமல் 'நரம்பு வீக்' என்று யாரும் சொல்லக் கூடாது என்பது என் அபிப்பிராயம். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான், ஈ.என்.டி. புறநோயாளிகள் பிரிவில் சீட்டுப் போட்டு, காது இரைகிறது, கேட்கும் திறன் பரிசோதனை வேண்டும் என்று வாய் திறந்து கேளுங்கள். இன்னும் விரிவாகப் பார்க்க வேண்டும் என்றால் மைசூரில் 1965-இல் தொடங்கிய அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம் இருக்கிறது, சத்தியமங்கலம் வழியாகப் போய்விடலாம். தனியாரிடம் போனால் அந்த ஆடியாலஜிஸ்ட் இந்திய மறுவாழ்வு மன்றத்தில், அதாவது ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்தவரா என்று பாருங்கள், பதிவு எண் இருக்கும். காட்டத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பரிசோதனை இலவசம் என்று போர்டு போட்டுவிட்டு முதல் நாளே 60,000 ரூபாய் மிஷினை எடுத்து வைக்கிற கடைகளும் இருக்கின்றன.

என்ன மருந்து கொடுத்தார் என்று நீங்கள் எழுதவில்லை. தலைசுற்றலுக்குக் கொடுக்கும் மாத்திரையைக் காது இரைச்சலுக்கும் எழுதுவது இங்கே வழக்கம், இரைச்சல் மட்டும் உள்ளவர்களுக்கு அதனால் பலன் இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. அமெரிக்க ஈ.என்.டி. மருத்துவர் சங்கம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஜிங்கோ பிலோபா என்ற மூலிகை, தூக்கத்துக்கு எடுக்கும் மெலடோனின், துத்தநாகம் எல்லாவற்றையும் வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். அந்த 12,000 ரூபாயில் உங்கள் பிள்ளைகளுக்கு ஏதாவது வாங்கிக் கொடுங்கள்.

மாடித்தோட்டம் எழுதியது:

ஒலிக்கோடு சாருக்கு நன்றி. என் கதை வேறு மாதிரி, படிக்கிற பெண்களுக்காகச் சொல்கிறேன். எனக்குக் கொய்ங் இல்லை, தப் தப் தப் என்று துடிப்பு மாதிரி வலது காதில். படி ஏறினால் வேகமாகும். கையில் நாடி பிடித்துப் பார்த்தால் அதே தாளம். நான் பாட்டுக்கு வேலை டென்ஷன் என்று ஒரு வருடம் விட்டுவிட்டேன். டாக்டர் கேட்டதும் முதலில் ரத்தப் பரிசோதனைதான் எழுதினார். ஹீமோகுளோபின் 6.4. மாதவிடாய் அதிகமாகப் போவதை நான் ஒரு நோயாகவே நினைத்ததில்லை. ரத்தக் குழாய்க்கு ஸ்கேனும் எடுத்துப் பார்த்தார்கள், அதில் ஒன்றும் இல்லை. இரும்புச்சத்து ஊசி, மாத்திரை, கர்ப்பப்பைக்கு வைத்தியம், நாலு மாதத்தில் 11-ஐத் தாண்டியது. தப் தப் எப்போது நின்றது என்றே தெரியவில்லை, ஒரு நாள் பூச்செடிக்குத் தண்ணீர் விடும்போது இல்லை என்று கவனித்தேன்.

ராத்திரி ஷிப்ட் எழுதியது:

இதையும் யாராவது சொல்லியே ஆக வேண்டும். என் மச்சானுக்குப் போன வருடம் காலையில் எழும்போது இடது காது அடைத்துக்கொண்டு இரைந்தது. சளி என்று நினைத்தான். மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி விட்டான், நாலு நாள் கழித்து வேறு சொட்டு மருந்து. பிறகு ஒரு கிளினிக்கில் சளி மாத்திரை. மூன்று வாரம் கழித்து ஈ.என்.டி.யிடம் போனால் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். திடீரென்று உள்காதே கேட்காமல் போவதாம், அடைப்பு இல்லையாம், முதல் சில நாட்களிலேயே ஸ்டீராய்டு தொடங்க வேண்டுமாம். தொடங்கினார்கள், பாதி கூடத் திரும்பவில்லை. இப்போது போனை வலது காதில் மட்டும்தான் வைக்கிறான். அவனுக்கு ஒருத்தரும் ஆரம்பத்தில் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

ஒலிக்கோடு எழுதியது:

ராத்திரி ஷிப்ட், ரொம்பச் சரி. இதை நானே முதலில் எழுதியிருக்க வேண்டும். திடீரென்று ஒரு காது கேட்கவில்லை என்றால் அது அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம், இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு வெகுவாகக் குறையும். அதேபோல ஒரு காதில் மட்டும் இரைந்தால், மாடித்தோட்டம் அக்கா சொன்னது மாதிரி நாடித் துடிப்போடு இரைந்தால், தலை சுற்றினால், முகம் ஒரு பக்கம் கோணினால் பழகிக்கொள்ளும் பேச்சே கிடையாது, காரணம் தேட வேண்டும். ஒரு காதில் மட்டும் இரைச்சலும் செவித்திறன் குறைவும் இருந்தால் எம்.ஆர்.ஐ. எழுதுவார்கள், காது நரம்பை ஒட்டி வளரும் ஒரு கட்டியை விலக்குவதற்காக. அது அபூர்வம், புற்றுநோயும் அல்ல, ஆனால் பார்த்துவிடுவது நல்லது. தறிக்காரனுக்கு இரண்டு காதிலும் ஒரே மாதிரி, இருபத்தைந்து வருடத் தறிச் சத்தம், கதை பொருந்துகிறது, அதனால் யூடியூப் கட்டியை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் டாக்டரிடம் காட்டுங்கள். காசநோய்க்குப் போடும் அமிக்காசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள், புற்றுநோய்க்கான சிஸ்பிளாட்டின், அதிக அளவில் ஆஸ்பிரின் எல்லாம் காதைத் தொடும். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள்.

தறிக்காரன் எழுதியது:

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. திங்கட்கிழமை கோவை போகிறேன். ஒரு சந்தேகம். இது சம்பந்தமாகத் தேடினால் மனநல ஆலோசனை, சி.பி.டி. என்று வருகிறது. எனக்குப் பைத்தியம் ஒன்றும் இல்லையே, காதில்தானே கோளாறு? வீட்டில் இதைச் சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும்.

ஒலிக்கோடு எழுதியது:

இரைச்சலால் வரும் அவதியைக் குறைப்பதில் இன்றுவரை நல்ல ஆதாரம் உள்ளவற்றில் முன்னால் நிற்பது அந்த சி.பி.டி.தான், அதாவது பேசிப் பேசி யோசனையையும் பழக்கத்தையும் மாற்றக் கற்றுத்தரும் சிகிச்சை. சத்தத்தின் அளவை அது குறைக்காது. 'இது நிற்காவிட்டால் என் வாழ்க்கை போச்சு' என்று ராத்திரி 2 மணிக்கு ஓடுகிற யோசனையைப் பிடித்து நிறுத்தக் கற்றுத்தரும், தூக்கத்தை ஒழுங்குபடுத்தும். வயிற்று வலிக்கு டயட் சொல்பவரிடம் போவது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். கிளினிக்கல் சைக்காலஜிஸ்டும் ஆர்.சி.ஐ.யில் பதிவு செய்தவராக இருப்பார். ஊருக்குத் தெரிய வேண்டாம் என்றால் 14416, அதுதான் டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவியின் இலவச எண், தமிழில் பேசலாம். இரைச்சல் தாங்காமல் செத்துவிடலாம் போலிருக்கிறது என்று யாருக்காவது தோன்றினால், இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும், அன்றைக்கே அந்த எண்ணுக்குப் பேசுங்கள். நான் இதைச் சும்மா எழுதவில்லை, அப்படி வந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மைக்செட் கரூர் எழுதியது:

ராத்திரிக்கு ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன் தம்பி, கோவை போவதற்குள் தொடங்கலாம். அமைதியான அறையில் படுக்காதீர்கள். நான் முதலில் செய்த தப்பு அதுதான், சத்தம் ஆகாது என்று ஃபேனைக்கூட நிறுத்திவிட்டுப் படுத்தேன், காதுக்குள் திருவிழா. இப்போது போனில் மழைச் சத்தத்தைச் சின்னதாக ஓடவிடுவேன். சின்னதாக என்றால் கூவலை மூடும் அளவுக்கு இல்லை, அதற்கு ஒரு இழை கீழே, இரண்டும் சேர்ந்து கேட்க வேண்டும். முழுக்க மூடிவிட்டால் மூளை பழகாது என்று அந்த ஆடியாலஜிஸ்ட் பெண் சொன்னார். விளக்கையெல்லாம் அணைத்துவிட்டால் இருட்டில் சின்ன பல்பும் கண்ணைக் குத்தும், ஒரு ஹாலில் லைட் எரிந்தால் அந்த பல்ப் எரிவதே தெரியாது இல்லையா, அந்த மாதிரி.

தறிக்காரன் எழுதியது (ஏழு வாரம் கழித்து):

தாமதத்துக்கு மன்னிக்கவும். தீபாவளி கழிந்து பாவு நெருக்கடி.

கோவையில் இரண்டு நாள் அலைந்தேன், கூட்டம், ஆனால் காரியம் நடந்தது. மைக்செட் அண்ணன் சொன்ன அதே பள்ளம் எனக்கும், இரண்டு காதிலும் 4000-இல், 50 டெசிபல் வரை இறங்கியிருக்கிறது. செவிடு இல்லை, ஆனால் க, ச, த மாதிரி மெல்லிய ஒலிகள் நழுவுகின்றனவாம். அதனால்தான் சின்னவள் பேசினால் பேசுவது கேட்கும், என்ன பேசுகிறாள் என்று புரியாது. நான் அவள் வார்த்தையை மென்று விழுங்குகிறாள் என்று திட்டிக்கொண்டிருந்தேன். அவளிடம் இதைச் சொன்னபோது ஒன்றும் பேசாமல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள்.

25 கேள்வி கேட்டார்கள், தூக்கம், கோபம், வேலை, சொந்தக்காரர்களோடு சண்டை என்று. ஆமாம் என்றால் 4, சில நேரம் என்றால் 2. கூட்டிப் பார்த்தால் 62. கடுமையான பிரிவு என்றார். என் வீட்டில் நடக்கிறதை யாரோ ஜன்னல் வழியாகப் பார்த்து எழுதிய மாதிரி இருந்தது. போன வாரம் மறுபடி கேட்டார்கள், 44. சத்தம் அப்படியேதான் இருக்கிறது, எண் மட்டும் இறங்கியிருக்கிறது.

மிஷின் இரண்டு காதுக்கும் ஒரு வாரம் போட்டுப் பார்க்கக் கொடுத்தார்கள். போட்டதும் முதலில் கேட்டது என் செருப்புச் சத்தம். அப்புறம் காக்கா. வெளிச் சத்தம் உள்ளே வந்ததும் சில்வண்டு பின்னால் போய்விட்டது, கழற்றினால் திரும்ப வந்துவிடுகிறது. வாங்குவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. சைக்காலஜிஸ்டிடம் மூன்று முறை போய்விட்டேன், ஊருக்கும் தெரிந்துவிட்டது. பக்கத்துத் தறிக்காரர் ஒருவர் தனியாக வந்து, "எனக்கும் நாலு வருசமா இரையுது, எங்க போனீங்க" என்று கேட்டார். எங்கள் ஊரில் எத்தனை பேரோ.

தறியை விற்கவில்லை. சத்தத்தைத் தடுக்கக் காதில் வைக்கும் ஃபோம் பிளக் போடச் சொல்லிக்கொடுத்தார்கள், அதை விரலில் மெல்லியதாக உருட்டி, காதை மேலே இழுத்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை பிடித்திருக்க வேண்டும். இத்தனை நாள் பஞ்சு வைத்துக்கொண்டு பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன், அது ஒன்றுக்கும் ஆகாதாம். போனில் அளந்து பார்த்தோம், ஆப் சரியாகக் காட்டுமா தெரியாது, தறிகளுக்கு நடுவில் 97 காட்டியது. தொழிற்சாலை விதியே 8 மணி நேரத்துக்கு 90-தான். ஒவ்வொரு 3 டெசிபல் கூடினாலும் காது தாங்கும் நேரம் பாதியாகிவிடும் என்று கணக்குச் சொன்னார்கள். வேலைக்கு இருக்கும் மூன்று பேருக்கும் பிளக் வாங்கிக் கொடுத்தேன், ஒருத்தர் மட்டும் போடுகிறார், மற்ற இரண்டு பேரும் பாக்கெட்டில் வைத்திருக்கிறார்கள்.

ராத்திரி ஷிப்ட் எழுதியது:

சத்தத்தால் வரும் காது கேளாமை, தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யின் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது. மில்லில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் ஆடியோகிராம், அதாவது அந்தக் காது பரிசோதனைப் படத்தை எடுத்துப் பத்திரமாக வையுங்கள், தேதியோடு. கூலித் தறிக்கு ஈ.எஸ்.ஐ. எங்கே என்கிறீர்களா, அது தனிச் சண்டை.

ஒலிக்கோடு எழுதியது:

62-இலிருந்து 44 ஏழு வாரத்தில் நல்ல இறக்கம். மிஷினை இன்னும் இரண்டு வாரம் கேட்டு வாங்கிப் போட்டுப் பாருங்கள், ஒரு வாரத்தில் முடிவு செய்யாதீர்கள். பிளக்கைக் குடோனில் மட்டும் போடுங்கள், வீட்டிலும் சந்தையிலும் மாட்டிக்கொண்டு திரியாதீர்கள். பயத்தில் சிலர் அப்படிச் செய்து, குக்கர் விசிலும் தட்டு விழும் சத்தமும்கூடத் தாங்க முடியாத நிலைக்கு வந்துவிடுகிறார்கள். சளி பிடித்தால், தூக்கம் கெட்டால் சில நாள் இரைச்சல் தூக்கலாக இருக்கும். அன்றைக்கு 'மறுபடி ஆரம்பித்துவிட்டது' என்று எனக்கு மெசேஜ் போடக் கூடாது, சரியா.

தறிக்காரன் எழுதியது:

சரிங்க சார். அடுத்த சிட்டிங் 18-ஆம் தேதி. மைக்செட் அண்ணா, ஹெட்போன் மாதிரி வரும் மஃப் ஒன்றும் வாங்கியிருக்கிறேன், நீங்களும் அதுதான் போடுவதாக முன்பு வேறு பதிவில் எழுதியிருந்தீர்கள். அதைப் போட்டுக்கொண்டு போன் பேசுவது எப்படி? பாவு ஆபீஸிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

மைக்செட் கரூர் எழுதியது:

கழற்றிவிட்டு வெளியே வந்துதான் பேச வேண்டும் தம்பி. அந்த வேப்பமரத்தடிக்கு வந்து பேசுங்கள்.